வசையும் நசையும்: காளமேகப் புலவரும் உரோமக் கவிஞர் மார்சியலும்

இகழ்ச்சியையும் ஓர் இலக்கிய வகையாக மதித்து அதற்கு இலக்கணம் வகுத்தவர் தொல்காப்பியர். செய்யுளியலில் அங்கதத்தை எடுத்துக்கொண்ட அவர், வெளிப்படையாகப் பழிப்பதைச் செம்பொருள் அங்கதம் என்றும், பழியை மறைத்து மொழிவதைப் பழிகரப்பு அங்கதம் என்றும் இரண்டாகப் பகுத்தார். அத்துடன் நில்லாது, வசையோடு நசையும் கூடி வருவதே அங்கதச் செய்யுள் என்று ஒரு குறிப்பையும் வைத்தார். நசை என்பது விருப்பம். பரிசிலை விரும்பி நின்ற புலவன், அது கிடையாதபோதோ, காலம் தாழ்ந்து கிடைத்தபோதோ பாடுவது வசை என்று இதற்குப் பொருள் கொள்ள இடமுண்டு. திருந்த வேண்டும் என்னும் விருப்பத்தோடு பழிப்பதே அங்கதம் என்று கொள்ளவும் இடமுண்டு. இவ்விரு பொருள்களையும் மனத்தில் இருத்திக்கொண்டே இக்கட்டுரையை வரைகின்றோம்.

பழிகரப்புக்குப் புறநானூற்றில் ஒளவையார் தொண்டைமானிடம் தூது சென்று பாடிய பாட்டினை ஆசிரியர்கள் சான்று காட்டுவர். தொண்டைமானின் படைக்கலங்கள் பீலி அணிந்து, நெய் பூசப்பெற்று, காவல் மனையில் அழகாக இருக்கின்றன. அதியமானின் படைக்கலங்களோ முனை முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன. மேலோட்டமாகக் கேட்பவர்க்கு இது தொண்டைமானுக்குப் புகழ். சற்றே நின்று எண்ணுபவர்க்கு, போர்க்களம் காணாத வேல்தான் பளபளப்பாக இருக்கும் என்பது விளங்கும். பகைவன் அவையில், அவன் சினங்கொள்ள வழியின்றி, அவனையே இகழ்ந்துவிட்டு மீண்ட திறம் அது.

திருக்குறளை அயல்மொழிகளில் பெயர்த்தோர் பலர். வீரமாமுனிவர் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் ஆக்கினார். போப்பையர் 1886இல் ஆங்கிலச் செய்யுளாக வெளியிட்டார். ஆயின், தனிப்பாடல்கள் என்னும் பெருஞ்செல்வத்தின்பால், அவற்றுள்ளும் அங்கதப் பாடல்களின்பால், மொழிபெயர்ப்பாளர் பார்வை அரிதாகவே சென்றது. கருத்தரங்குகளிற்கூட இவை 'பொழுதுபோக்குப் பாடல்கள்' என ஒரு வரியில் ஒதுக்கப்படுவதைக் கண்டிருக்கிறோம். இத்தகைய சிறு பாடல்களுக்காகவே உலகப் புகழ் பெற்ற ஒரு கவிஞரை மேலை உலகம் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாகப் போற்றி வருகின்றது. நூற்றாண்டு தவறாமல் ஆங்கிலத்தில் பெயர்த்தும் வருகின்றது. அவரை அறிவது நம் காளமேகத்தை அறியத் துணை செய்யும்.

உரோமில் ஒரு பரிசிலன்

அவர் பெயர் மார்க்கஸ் வலேரியஸ் மார்சியாலிஸ். ஆங்கிலத்தார் மார்சியல் என்பர். கி.பி. 40ஆம் ஆண்டை ஒட்டி, இன்றைய ஸ்பெயின் நாட்டின் பில்பிலிஸ் என்னும் ஊரிற் பிறந்தவர். 64ஆம் ஆண்டு பிழைப்புத் தேடி உரோமுக்கு வந்தார். 80ஆம் ஆண்டில் கொலோசியம் என்னும் பேரரங்கு திறக்கப்பெற்றபோது அதன் காட்சிகளைப் பாடினார். 86ஆம் ஆண்டு தொடங்கி ஏறத்தாழ 102ஆம் ஆண்டு வரையில் பன்னிரண்டு தொகுதிகள் வெளியிட்டார். அவர் பாடியவை எல்லாம் கூடி 1500ஐத் தாண்டும். பெரும்பாலானவை மிகச் சிறியவை, இரண்டே அடியில் முடிவன பல.

இவ்வகைப் பாடலுக்கு 'எபிகிராம்' என்று பெயர். கிரேக்க மொழியில் அச்சொல்லின் முதற்பொருள் மேலே பொறித்த எழுத்து என்பதாகும். கல்லறைமீதும் காணிக்கைப் பொருள்மீதும் பொறிக்கப்பட்டதால் அது சுருங்க வேண்டியதாயிற்று. நம் நடுகல் எழுத்தைப் போன்றது என்க. கல்லில் வெட்டுபவன் சொல்லை வீணாக்க மாட்டான். அச்சுருக்கத்தைக் கைக்கொண்டு, கடைசிச் சொல்லில் கொடுக்கை வைத்தவர் மார்சியல்.

அவருடைய நகரில் புரவலர் வீட்டு வாயிலில் விடியற்காலையிலேயே பரிசிலர் கூட்டம் நிற்கும். வணக்கம் சொல்லி, சிறு கூலியோ ஒரு வேளை விருந்தோ பெற்றுச் செல்வர். மார்சியலும் அவ்வாறு நின்றவரே. ஆதலின் விருந்து பற்றிய வசை அவரிடம் மிகுதி. தனக்கு உயர்ந்த காளானும் விருந்தினர்க்கு வெறும் பார்வையும் வைத்த செல்வன் ஒருவன். மருத்துவனாக இருந்து பிணம் சுமப்பவனாக மாறியவன், தொழிலை மாற்றவில்லை என்னும்படி அமைந்தவன். பிறர் பாட்டைத் தன் பாட்டாகப் படித்துத் திரிந்தவனிடம், அவன் படிக்கும் அழகில் அப்பாட்டு அவனுடையதாகவே ஆகிவருகின்றது என்று ஒப்புக்கொடுத்துவிடுகின்றார். இவர்களுக்கெல்லாம் அவர் இட்ட பெயர்கள் பெரும்பாலும் புனைபெயர்களே. ஆளை விட்டுவிட்டுக் குற்றத்தைச் சொல்வதே தம் நெறி என்பதனை அவரே கூறியுள்ளார்.

கடலூருக்கு வடக்கே, புதுச்சேரியை அடுத்துள்ள அரிக்கமேட்டை நம் மாணவர் பலர் பார்த்திருப்பர். 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது உரோம நாட்டுச் செந்நிற மட்கலங்கள் கிடைத்தன. கி.பி. முதல் நூற்றாண்டு வாணிகத்தின் எச்சம் அது. மார்சியல் வாழ்ந்த நூற்றாண்டு. உரோமிற்கு நம் தென்னாட்டிலிருந்து சென்ற பண்டங்களுள் தலையாயது மிளகு. மார்சியல் தம் நூல் ஒன்றினை நோக்கி, தக்க புரவலனை விரைந்து தேடிக்கொள், இன்றேல் மீனைச் சுற்றவும் மிளகைப் பொட்டலம் கட்டவும் பயன்படுவாய் என்று எச்சரிக்கின்றார். மேற்குக் கடற்கரையில் முசிறியில் ஏற்றிய மிளகு அவ்வாறு ஏதேனும் ஒரு கவிஞனின் தாளில் மடிக்கப்பட்டிருக்கலாம் என எண்ணுங்கால் நகை தோன்றுகின்றது.

தொல்காப்பியர் சொன்ன நசைக்கு இவரைக் காட்டிலும் எடுத்துக்காட்டு வேண்டா. தொமிஷியன் என்னும் கொடிய மன்னன் வாழ்ந்தவரை அவனை வானளாவப் புகழ்ந்தார். 96ஆம் ஆண்டு அவன் கொல்லப்பட்டபின் வேறு குரலிற் பாடினார். ஏறத்தாழ 98இல் பிறந்த ஊருக்கே திரும்பினார். வழிச்செலவுக்குப் பணம் தந்தவர் இளைய பிளினி. மார்சியல் மறைந்த செய்தி அறிந்து பிளினி எழுதிய மடல் இன்றும் உள்ளது. சிறியோரைச் சீண்டிய அளவுக்கு வலியோரை அவர் சீண்டவில்லை என்பது எம் கருத்து. அவர் கவித்திறத்தை இது குறைக்காது, ஆயினும் மறைக்கத்தக்கதன்று.

ஆங்கிலத்தார் செய்தது

மார்சியலை ஆங்கிலத்தில் பெயர்த்தோரிடம் மூன்று வழிகளைக் காண்கின்றோம். ஒன்று, பாட்டை வேரோடு பிடுங்கித் தம் மண்ணில் நடுவது. பதினேழாம் நூற்றாண்டில் ஆக்சுபோர்டில் பயின்ற தாம் பிரௌன் என்னும் மாணவரைக் கல்லூரித் தலைவர் ஜான் ஃபெல் விலக்க இருந்தார் என்றும், மார்சியலின் பாடல் ஒன்றை உடனே ஆங்கிலத்தில் சொன்னால் பொறுப்பதாகக் கூறினார் என்றும் ஒரு கதை வழங்குகின்றது. ஒருவனைப் பிடிக்கவில்லை, காரணம் சொல்லத் தெரியவில்லை, பிடிக்கவில்லை என்பது மட்டும் தெரிகின்றது என்ற கருத்துடைய பாடல் அது. மாணவர் அதனை ஆங்கிலத்தில் சொன்னபோது, சபிடியஸ் என்று இருந்த இடத்தில் தலைவர் ஃபெல்லின் பெயரையே வைத்துவிட்டார்! ஆங்கிலக் குழந்தைகளுக்கும் தெரிந்த பாட்டாக அது நிலைத்தது. ஆசுகவி என்று நாம் சொல்வது இதனையே. கதை மெய்யோ பொய்யோ, இவ்வெற்றிக்குக் காரணம் ஒன்று உண்டு. அப்பாட்டில் சிலேடை இல்லை. சொன்னதையே திரும்பச் சொல்லும் அமைப்பே அதன் உயிர். அமைப்பு மொழி கடக்கும்.

இரண்டாவது, உரைநடையில் பொருளை மட்டும் தருவது. 1919, 1920 ஆண்டுகளில் வால்டர் கெர் என்பவர் லோப் வரிசைக்காகச் செய்தது இவ்வகை. அப்பதிப்பில் ஒரு வேடிக்கை உண்டு. இலத்தீன் ஒரு பக்கம், ஆங்கிலம் எதிர்ப்பக்கம் என்று செல்லும் நூலில், நாகரிகமற்ற பாடல்கள் வரும் இடங்களில் ஆங்கிலத்துக்குப் பதில் இத்தாலிய மொழிபெயர்ப்பை அச்சிட்டனர்! நாணம் இத்தாலியம் அறியாதவர்க்கு மட்டும் உரியது போலும். 1993இல் ஷேக்கிள்டன் பெய்லி அதே வரிசைக்குப் புதிதாகப் பெயர்த்தபோது அனைத்தையும் ஆங்கிலத்திலேயே தந்தார். மூன்றாவது வழி, செய்யுளைச் செய்யுளாகவே, மூலத்தின் அளவும் கூர்மையும் கெடாமற் பெயர்ப்பது. இதில் முயன்றோர் மிகப் பலர். எல்லாப் பாட்டிலும் வென்றோர் எவருமில்லை.

காத்தான் சத்திரம்

இனி நம் புலவரிடம் வருவோம். காளமேகம் பதினைந்தாம் நூற்றாண்டினர். வரதன் என்னும் இயற்பெயருடன் திருவரங்கத்து மடைப்பள்ளியில் பணி செய்தவர் என்றும், திருவானைக்காவின் மோகனாங்கிபால் கொண்ட காதலால் சைவரானார் என்றும், திருமலைராயன் பட்டினத்தில் அதிமதுர கவிராயருடன் எமகண்டம் பாடி வென்றார் என்றும் கதைகள் உள. இக்கதைகளை வரலாறாகக் கொள்ள வேண்டுவதில்லை. ஆயின் பாடலினின்று கதையைப் பிரித்தெடுத்தால் பாடல் பாதி உயிரை இழக்கும். இவ்வியல்பை நன்குணர்ந்து செயற்பட்டவர்கள் வெல்சேரு நாராயண ராவ், டேவிட் ஷுல்மன் ஆகிய இருவர். 1998இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகப் பதிப்பாக வந்த அவர்தம் ஆங்கில நூல், தெலுங்கு, தமிழ், வடமொழித் தனிப்பாடல்களை அவற்றைச் சூழ்ந்த கதைகளோடு சேர்த்தே தந்தது. மார்சியல் தம் பாடல்களைத் தாமே தொகுத்து நூலாக விற்றவர். அவருக்குக் கதை வேண்டா. நம் தனிப்பாடல்களோ நெடுங்காலம் வாய்வழி வாழ்ந்து, பிற்காலத்தில் பொன்னுசாமித் தேவர் விருப்பப்படி தில்லையம்பூர் சந்திரசேகர கவிராச பண்டிதர் போன்றோர் தொகுக்க, திரட்டு வடிவம் பெற்றவை.

நாகப்பட்டினத்துக் காத்தான் என்பவரின் அன்னசத்திரம் பற்றிய வெண்பா அனைவரும் அறிந்தது. பசியோடு சென்ற புலவர் நெடுநேரம் காத்திருந்தார். சினந்து பாடினார். பொழுது சாயும் வேளையில்தான் அரிசி வந்து சேரும்; அதனைக் குத்தி உலையில் இடும்போது ஊரே அடங்கிவிடும்; ஓர் அகப்பைச் சோறு இலையில் விழும்போது விடிவெள்ளி எழுந்துவிடும். இதுவே வசை. சத்திரத்துத் தலைவர் நடுங்கி வணங்கி வேண்ட, புலவர் சொல்லை மாற்றவில்லை, பொருளை மாற்றினார். நாடெங்கும் உணவு அற்றுப்போகும் பஞ்சத்திலும் இங்கே அரிசி வந்து சேரும். உலையில் இட்டவுடன் ஊரின் பசி அடங்கும். இலையில் இட்ட சோற்றின் வெண்மை கண்டு வானத்து வெள்ளியும் நாணி எழுந்துவிடும். 'அத்தமித்தல்', 'அடங்குதல்', 'வெள்ளி எழுதல்' என்னும் மூன்று சொல்லாட்சிகளின்மேல் வசையும் புகழும் பாவும் ஊடையுமாக நெய்யப்பட்டுள்ளன. தறியோசைக்குப் பழகிய எம் குறிஞ்சிப்பாடி மாணவர்க்கு இவ்வுவமை எளிதில் விளங்கும்.

மறைந்த வசையின் வலிமைக்கு அரபு இலக்கிய வரலாற்றிலும் ஒரு சிறந்த சான்று உண்டு. அரபியர் வசைப்பாடலை ஹிஜா என்பர். ஹுதைஆ என்னும் கவிஞர், ஸிப்ரிகான் என்னும் தலைவரைப் பற்றி, உயர்ந்தவற்றை நாடி அலைய வேண்டா, அமர்ந்திருப்பீராக, உமக்குத்தான் உணவும் உடையும் உண்டே என்ற பொருள்படப் பாடினார். ஸிப்ரிகான் கலீபா உமறு (ரலி) அவர்களிடம் முறையிட்டார். இதில் வசை ஒன்றும் காணோமே, சிறு கண்டிப்பாகவன்றோ தோன்றுகின்றது என்றார் கலீபா. உண்பதும் உடுப்பதுமா என் ஆண்மையின் அளவு என்று வருந்தினார் ஸிப்ரிகான். செய்யுளறிவு மிக்க ஹஸ்ஸான் இப்னு தாபித் (ரலி) அழைக்கப்பெற்றார். இது வசை மட்டுமன்று, வசையினும் இழிவானது என்று அவர் தீர்ப்புரைத்தார். ஹுதைஆ சிறைப்பட்டார். தம் சிறு மக்கள் இரையின்றி வாடும் நிலையைப் பாடி அவர் விடுத்த கவி கலீபாவின் கண்களில் நீர் வருவித்தது. விடுவித்ததோடு, இனி எவர் மானத்தையும் பாடலாற் கெடுக்கலாகாது என்று 3000 திர்ஹம் தந்து மக்களின் மானத்தை அவரிடமிருந்து விலைக்கு வாங்கினார் என்பர். நாட்டை ஆள்பவர் வசையின் பொருளறியப் புலவர் ஒருவரைத் துணைக்கழைத்தமை ஈண்டு நோக்கத்தக்கது. பழிகரப்பைக் கேட்பவனுக்கும் பயிற்சி வேண்டும்.

கடக்க இயலாத பாடல்கள்

தில்லைக் கூத்தனைக் காளமேகம் பாடிய நிந்தாஸ்துதி ஒன்றில், நாட்டிலுள்ள ஆட்டுக்கு நான்கு கால்; நின் ஆட்டுக்கோ இரண்டே கால்; ஆயினும் இவ்வாட்டை விட்டுப் புலி அகலுமோ என்னும் கருத்து அமைந்துள்ளது. ஆடு என்னும் விலங்குப் பெயரும், ஆட்டு என்னும் கூத்தின் பெயரும் வேற்றுமை உருபு ஏற்கும்போது ஒரே வடிவம் பெறுவதால் விளைந்த நயம் இது. புலி என்றது தில்லையில் கூத்தினைக் கண்டு நின்ற புலிக்கால் முனிவரை. ஆங்கிலத்தில் ஆட்டுக்கும் ஆடலுக்கும் யாதொரு தொடர்புமில்லை. தில்லையின் தலபுராணமும் தமிழின் புணர்ச்சி இலக்கணமும் தெரியாதவர்க்கு இப்பாடலைத் தர முயல்வது வீண். மார்சியலிடமும் இத்தகையன சில உண்டு. அத்திப்பழத்துக்கும் மூலநோய்க்கும் இலத்தீனில் ஒரே சொல். இலக்கணக்காரன் ஒருவன் சொல்லுருபைத் திருத்தப்போய் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பாடல் ஒன்று அச்சொல்லின்மேல் அமைந்தது. ஆங்கிலத்தார் அதற்கு அடிக்குறிப்பு எழுதித் தப்பினர். தமிழில் 'மூலம்' என்ற சொல்லுக்கே இரு பொருள் இருப்பதால் நாம் முயன்று பார்க்கலாம். மூலநூலைத் திருத்த வந்தவன் என்று தொடங்கினால் ஏதேனும் வழி பிறக்கும்.

பிற்கால ஒளவையார் கம்பரை எட்டும் காலும் கூட்டி இகழ்ந்ததாக வழங்கும் பாடல் இன்னும் சுவையானது. தமிழ் எண்களில் எட்டுக்கு 'அ' என்பது வடிவம். கால் என்னும் பின்னத்துக்கு 'வ'. இரண்டையும் சேர்த்து இலட்சணம் என்பதன் முன் வைத்தால் கிடைப்பது அவலட்சணம். ஆங்கிலேயனுக்கு எண் வேறு, எழுத்து வேறு. ஆகவே அவனுக்கு இது எட்டாது. ஆனால் மார்சியலுக்கு யாரேனும் சொல்லியிருந்தால் உடனே சிரித்திருப்பார். உரோமருக்கு எழுத்தே எண். ஐந்நூறும் நூறும் ஐம்பதும் எழுத்துகளே. அரபு மொழியிலும் அவ்வாறே. அப்ஜத் முறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. 786 என்று கடிதத் தலைப்பில் எழுதும் நம் பெரியவர்கள் பிஸ்மில்லாஹ்வின் எழுத்துகளுக்குரிய எண்களின் கூட்டுத்தொகையையே எழுதுகின்றனர். ஆகவே ஒளவையின் இச்சொல்விளையாட்டை இலத்தீனுக்கோ அரபுக்கோ கொண்டுசெல்ல வழி தேடலாம். ஆங்கிலத்துக்குக் கொண்டுசெல்ல வழியில்லை. எல்லா மொழிக்கும் ஆங்கிலமே வாயில் என்று எண்ணுவோர் இதனைக் கருதுக.

இதனினும் எம்மை உறுத்தும் செய்தி வேறொன்று. 'அ' என்பது எட்டு என்று இன்று நம் வகுப்பில் எத்தனை மாணவர்க்குத் தெரியும்? தமிழ் எண்களும் பின்னங்களும் அன்றாட வழக்கினின்று அகன்றுவிட்டமையால், இப்பாடல் தமிழ் மாணவனுக்கே மொழிபெயர்க்க வேண்டியதாகிவிட்டது. விளக்கிய பிறகு வரும் சிரிப்பு, விளங்கியதும் வரும் சிரிப்பு ஆகாது. ஓர் அங்கதப் பாடல் இறப்பது அயல்மொழியிலன்று; அதனைக் கேட்டவுடன் நகைப்பவர் தாய்மொழியில் இல்லாமற்போகும்போதே.

எதனைத் தள்ளுவது என்பது பற்றியும் ஒரு சொல். காளமேகத்தின் பெயரால் வழங்குவனவற்றுள் அவையில் சொல்லத் தகாதன சில உண்டு. மாணவரும் மாணவியரும் ஒருங்கிருக்கும் வகுப்பில் அவற்றை நாம் பாடம் சொல்வதில்லை. ஆயின் இல்லையென்று மறைப்பதுமில்லை. கெர் கைக்கொண்ட இத்தாலியத் திரை நமக்கு உகந்ததன்று. தள்ள வேண்டுவது வேறொன்று என்பது எம் துணிபு. ஒருவரின் உறுப்புக் குறையையும் நிறத்தையும் பிறப்பையும் பழிப்பன மார்சியலிடமும் நம் தனிப்பாடல்களிலும் உள்ளன. சொல் எத்துணைத் திறமாக அமைந்திருப்பினும் அவை கீழ்த்தரத்தனவே. ஒளவையின் எட்டேகாலையும் சொற்றிறத்துக்காகச் சொல்வோமே தவிர, ஒருவர் தோற்றத்தை இகழ்ந்ததற்காக அன்று. காத்தான் பாடலின் உயர்வு இங்கேதான். அது ஆளின் உருவத்தைத் தொடவில்லை. பசித்தவனைக் காக்கவைத்த செயலைத் தொட்டது. சத்திரம் நடத்துபவன் திருத்திக்கொள்ளக்கூடிய குற்றம் அது. தொல்காப்பியரின் நசைக்கு நாம் முதலிற் சொன்ன இரண்டாம் பொருள் இப்பாடலில் நிறைவேறுகின்றது.

இப்பாடலை ஆங்கிலத்தில் இரு பொருளும் கெடாமல் தர இயலுமா என்று மாணவருடன் சேர்ந்து முயன்று பார்த்தோம். முதற்கண் இயலாது என்றே தோன்றிற்று. அகராதியைப் புரட்டியபின் மூன்று சொற்கள் அகப்பட்டன. 'ஃபெயில்' என்னும் வினை அவர்கள் மொழியில் பகலொளி மங்குவதற்கும் வரும், விளைச்சல் பொய்ப்பதற்கும் வரும். எனவே 'அத்தமித்தல்' கிடைத்தது. 'ஸ்டில்' என்பது ஊர் அரவமடங்குவதற்கும் பசி தணிவதற்கும் பொருந்தும், 'அடங்குதல்' கிடைத்தது. 'ரைஸ்' என்பது விண்மீன் உதிப்பதற்கும், இருந்தவர் எழுந்து நிற்பதற்கும் ஆகும், வெள்ளியும் எழுந்துவிட்டது. அச்சொல்லின் ஒலி அவர்கள் அரிசிக்கு வழங்கும் சொல்லை ஏறத்தாழ ஒத்திருப்பது எதிர்பாராத ஊதியம். வெண்பாவின் தளையும் எதுகையும் போயின. காத்தான் என்னும் பெயரில் காத்தல் ஒலிப்பதும் போயிற்று. அதற்கு ஈடாக ஒன்று வந்தது. ஆங்கிலத்தில் 'வெயிட்' என்பது காத்திருத்தலையும் குறிக்கும், பந்தியில் பரிமாறுதலையும் குறிக்கும். இச்சத்திரத்தில் யார் யாருக்காக 'வெயிட்' செய்கின்றார் என்று ஒரு மாணவி கேட்டார். அது காளமேகம் சொல்லாத சிலேடை. விட்டுவிட வேண்டும் என்றனர் சிலர். வெண்பாவில் இழந்ததற்கு ஈடாக இருக்கட்டும் என்றனர் வேறு சிலர். ஈற்றடியில் அதனை வைத்தே எழுதி முடித்தோம்.